எஞ்சினுக்கு ஒரு குல்லா

"இதுக்கு ஒரு குல்லா தைக்கணும், டைலரம்மா."

மாடிவீட்டுக்காரர் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் இதுதான். அவர்கள் குடிவந்து சில மாதங்கள் ஆகியிருந்தும் அதுவரை எங்களுக்குள் தலையசைப்போடு சரி. அன்றைக்கு என் தையல் அறை வாசலுக்கு வந்தவர், வலது காலைத் தட்டி, இடது காலைத் தட்டி, பேன்ட் மடிப்பை உதறி, அதற்குப் பிறகுதான் படியேறினார். உள்ளங்கையில் ஒரு பாலிதீன் தாள். அதன்மேல் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு நீல ஸ்பாஞ்சு, எண்ணெயில் ஊறிப் பிசுபிசுவென்று உட்கார்ந்திருந்தது.

"யாருக்குங்க சார் குல்லா?"

"காருக்கு."

நான் எட்டி வாசலைப் பார்த்தேன். அவரிடம் கார் கிடையாது. ஒரு பழைய ஸ்கூட்டர்தான் உண்டு. அதற்கும் ஹேண்டிலிலிருந்து டயர் வரை உறை போட்டு வைத்திருப்பார். கல்யாணமான நாளிலிருந்து ஜாக்கெட் தைக்கிறவள் நான். ஆளைப் பார்த்தவுடன் அளவு சொல்லிவிடுவேன். இந்த மனிதரை என்ன அளவில் வெட்டுவது என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

பிறகு மேலே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். முழங்கை நீளத்துக்கு ஒரு ரிமோட் கார். பொம்மை என்று நான் சொன்னதும் அவர் முகம் தொங்கிப்போயிற்று. பேட்டரி வண்டியில்லை, நைட்ரோ வண்டி, உள்ளே நிஜ எஞ்சின் இருக்கிறது, எரிபொருள் ஊற்றித்தான் ஓட்ட வேண்டும் என்று சொன்னார். மேல்கூட்டைக் கழற்றியதும், தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதாக, நிஜமாகவே ஒரு எஞ்சின் இருந்தது.

"இது வாய்" என்று கார்புரேட்டரின் துவாரத்தைக் காட்டினார். "காத்து இது வழியாத்தான் உள்ள போவணும். இது மூக்கு" என்று அந்த ஸ்பாஞ்சைக் காட்டினார். "ஏர் ஃபில்டர். எண்ணெய் போட்டு வச்சா தூசியெல்லாம் இதுலயே ஒட்டிக்கும். ஆனா ஏரி மண்ணு ரொம்பப் பொடி. மூக்கு சீக்கிரம் அடைச்சிக்குது. மேல மெல்லிசா ஒரு வலைத்துணி குல்லா போட்டா, பெரிய தூசி அதுலயே நின்னுடும். நீங்க துப்பட்டாவுக்கு வெட்டுற வலைத்துணி மிச்சம் இருக்குமே."

இருந்தது. ஒரு பிங்க் குல்லா தைத்துக் கொடுத்தேன், அடியில் எலாஸ்டிக் வைத்து. அவர் அதை ஃபில்டர்மேல் மாட்டி, வெளிச்சத்துக்குப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தையல் தையலாகப் பார்த்தார். இரண்டு இடத்தில் தையல் தளர்வாக இருக்கிறது என்றார். கல்யாணப் பெண்ணே என் ஜாக்கெட்டை அப்படிப் பார்த்ததில்லை. கோபம்தான் வந்தது. ஆனாலும் பிரித்துத் தைத்தேன்.

வேங்கிக்காலில் எங்கள் தெரு அப்போது பாதி வீடும் பாதி காலி மனையுமாக இருந்தது. ஏதாவது ஒரு வீடு எப்போதும் எழும்பிக்கொண்டே இருக்கும். எம்-சாண்ட் லாரி ஒன்று வந்துபோனால் தெருவே பவுடர் பூசிக்கொள்ளும். பௌர்ணமியன்று வெளியூர் வேன்கள் காலி மனைகளில் ஏறி நிற்கும். கிரிவலம் முடிந்து கிளம்பும்போது மிச்சமிருக்கிற மண்ணையும் கிளப்பிவிட்டுப் போகும். அந்தத் தெருவில் போய் ஒருவர் தூசியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார் என்றால் அவர் எப்பேர்ப்பட்ட ஆள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

உத்தியோகமும் அவருக்கு அப்படித்தான் வாய்த்தது. கலெக்டர் ஆபீசில் பழைய காகிதக் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கும் அறை. சாயந்திரம் வந்ததும் மாடிப்படியிலேயே ஆபீஸ் சட்டையைக் கழற்றிப் பக்கெட்டில் அமுக்கிவிட்டு, பனியனோடு உள்ளே போவார். வீட்டில் துடைப்பம் கிடையாது, ஈரத்துணிதான். ஜன்னல்களில் நனைத்த வேட்டி. டி.வி. ரிமோட், கார் ரிமோட், பீரோ சாவி எல்லாம் பாலிதீன் உறைக்குள். ஊதுபத்திக்குத் தடை. லாரியைக் கண்டால் கையைக் காட்டி நிறுத்துவார்.

"தார்ப்பாய் போட்டு மூடிட்டுப் போப்பா."

"இன்னா சார், மண்ணுக்குப் போயி சட்டை போடச் சொல்றே?"

"நீ போட்டிருக்க இல்ல? அதுக்கும் போடு."

தெரு அவருக்குத் 'தூசி சார்' என்று பெயர் வைத்தது. அவருக்கும் அது தெரியும். வருத்தப்பட்டதில்லை. "கண்ணுக்குத் தெரியுற தூசி பாவம்மா, அது ஒண்ணும் பண்ணாது. தெரியாதது இருக்கு பாருங்க, அதுதான்" என்பார். அதுதான் என்ன செய்யும் என்று முடிக்க மாட்டார். முடிக்காததற்குக் காரணம் மாடியில் இருந்தது.

அவருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆஸ்துமா. நல்ல நாளில் வாய் ஓயாமல் பேசுவார், ஆனால் தவணை தவணையாக. பாதி வாக்கியத்தில் நிறுத்தி, கையைக் காட்டி, மூச்சை இழுத்து, விட்ட இடத்திலிருந்து ஒரு சொல் பிசகாமல் தொடர்வார். சிரிப்பு வந்தால்தான் ஆபத்து. அதனால் நான் ஜோக்கடிக்கும்போது முன்கூட்டியே, "இருடி, தண்ணி குடிச்சிக்கிறேன்" என்பார். அப்படியொரு சிரிப்புக்காரி.

அந்தக் காரை அவருக்கு வாங்கிக் கொடுத்ததே அக்காதான். ஞாயிற்றுக்கிழமை காய்கறிக்குப் போகிறவர் ஒவ்வொரு வாரமும் நேரம் கழித்தே வருவாராம். என்னவென்று கேட்டால், தண்ணீர் வற்றின ஏரிக்குள் சில பேர் ரிமோட் கார் ஓட்டுகிறார்கள், பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன் என்பாராம். இப்படியே ஒரு வருஷம் கத்தரிக்காய் வாடியதும், சிங்கப்பூரில் இருக்கிற தம்பி ஊருக்கு வரும்போது அக்கா சொல்லி வரவழைத்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால், வாங்கிக் கொடுத்தவர் அது ஓடி ஒருநாளும் பார்த்ததில்லை. ஏரியில் புழுதி. தெருவில் ஓட்டலாமென்றால் இங்கேயும் புழுதி, போதாக்குறைக்கு எஞ்சின் விடும் எண்ணெய்ப் புகை.

"உற்சவ வாகனம் மாதிரி நிக்கிறதத்தான் பாக்குறேன்" என்பார் அக்கா. "வீதி உலா வர்றதப் பாக்கக் குடுத்து வைக்கல. ஒரே ஒரு தடவ... இரு... ஒரே ஒரு தடவ அது ஓடிப் பாத்துடணும்டி."

"காமிக்கிறேன்" என்பார் அவர். "தரை ஈரமா இருக்கணும். காத்து அந்தப் பக்கம் போவணும். லாரி வரக்கூடாது. உனக்கு மூச்சு நல்லா இருக்கணும். எல்லாம் ஒண்ணா அமையட்டும்."

அமையவில்லை. மழை பெய்தால் அக்காவுக்கு இழுப்பு வந்துவிடும். இழுப்பு நின்றால் வெயில் வந்துவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போய்விட்டு வந்து, குளித்து, உடை மாற்றி, அக்கா எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்வார். எங்கே திரும்பியது, எந்த மேட்டில் எம்பியது, எப்படித் தரையில் விழுந்து நிமிர்ந்தது என்று கையை வைத்துக் காட்டுவார். அவர் சொல்லும்போது அக்கா கண்ணை மூடிக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுக் குல்லாவை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார் என்று அக்கா என்னிடம் கொடுத்து அனுப்பினார். ஏரியில் அவரோடு சேர்த்து நாலு பேர். ஒருவர் பல் டாக்டர், ஒருவர் செல்போன் கடைக்காரர், இன்னொருவர் லாட்ஜ் நடத்துகிறவர். மூன்று பேரும் சின்னப்பிள்ளைகள் மாதிரி குதித்துக்கொண்டிருந்தார்கள். கார்கள் குளவிக் கூட்டம்போல் கத்திக்கொண்டு புழுதிக்குள் மறைந்து மறைந்து வந்தன. நம் ஆள் மட்டும் ஒரு தார்ப்பாயை விரித்து, அதன்மேல் ஒரு துண்டை விரித்து, அதன்மேல் காரை வைத்து, பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஃபில்டரைக் கழட்டணும்னா மொதல்ல சுத்தி இருக்குற தூசிய எடுத்துடணும் டைலரம்மா. இல்லாட்டி கழட்டுற நேரத்துல உள்ள உழுந்துடும்" என்றார். கழற்றியதும் வாயில் ஒரு சுத்தமான துணியை அடைத்தார். பழைய ஸ்பாஞ்சை ஒரு டப்பாவில் போட்டார். வேறொரு டப்பாவிலிருந்து எண்ணெயில் ஊறவைத்த புது ஸ்பாஞ்சு. கையைத் துடைத்துவிட்டு, வாயிலிருந்த துணியை எடுத்து, மாட்டி, ரப்பர் கழுத்தைச் சுற்றி பிளாஸ்டிக் கட்டுப் போட்டு இறுக்கி, இழுத்துப் பார்த்து, என் குல்லாவை மாட்டினார். இதற்குள் மற்றவர்கள் ஒரு பந்தயமே முடித்துவிட்டார்கள்.

அடுத்த பந்தயத்தில் இவரும் சேர்ந்தார். கிளம்பச் சொன்னதும் மூன்று கார்கள் பறந்தன. இவர் கார் நின்ற இடத்திலேயே நின்றது. ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

"என்ன சார், ஆஃப் ஆயிடுச்சா?"

"இல்லம்மா. அவங்க கெளப்புன தூசி அடங்கட்டும். அடுத்தவன் தூசிய என் வண்டி ஏன் குடிக்கணும்?"

தூசி அடங்கியதும் கிளம்பி, நல்ல இடைவெளி விட்டு, ஒழுங்காக ஓடி, கடைசியாக வந்தார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். பல் டாக்டர் என்னிடம், "இவர் ஒரு தடவைகூட ஜெயிச்சதில்லைங்க. ஆனா நாங்க எல்லாம் எஞ்சின் மாத்திட்டோம். இவருது மட்டும் வாங்குன அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்குது" என்றார். அதைக் கேட்டதும் தூசி சார் என்னைப் பார்த்து, "இங்க வாங்க, விரல வச்சு இந்தச் சக்கரத்தச் சுத்துங்க" என்றார். எஞ்சினுக்கு அடியில் ஒரு சின்ன இரும்புச் சக்கரம். சுற்றினேன். வழவழவென்று வந்து ஓரிடத்தில் இறுகி நின்றது. தம் கட்டித் தள்ள வேண்டியிருந்தது.

"அந்தப் பிடிப்பு இருக்குதே, அதுதான் இதுக்கு உசுரு. பிஸ்டன் சிலிண்டர்ல அவ்ளோ நெருக்கமா ஒக்காந்திருக்கு. ஒரு சிட்டிகை மண்ணு உள்ள போனாப் போதும், ரெண்டையும் தேச்சுடும். அப்புறம் என்ன பண்ணாலும் அந்தப் பிடிப்பு வராது."

கிண்டல் செய்யலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சக்கரத்தை இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தேன்.

அவரைப் பற்றி நான் மனசுக்குள் குறை சொல்லிக்கொண்டிருந்த காலமும் உண்டு. பெண்டாட்டி மூச்சுக்குத் திணறுகிறாள், இவர் ஒரு பொம்மைக்குப் பஞ்சு பிழிகிறாரே என்று. ஒருநாள் பக்கத்து மனையில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு லோடு மணலைக் கொட்டிவிட்டார்கள். தார்ப்பாய் இல்லை. நல்ல காற்று. மேலே அக்காவுக்கு வந்த இழுப்பு கீழே என் அறை வரைக்கும் கேட்டது. ஓடினேன். அவர் பதறவே இல்லை. ஜன்னலைச் சாத்தி, மருந்தை மிஷினில் ஊற்றி, மாஸ்க்கை அக்கா முகத்தில் வைத்து, முதுகைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டு, "மெதுவா... மெதுவா... அவ்ளோதான்" என்று அக்காவோடு சேர்ந்து தானும் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அடங்க வெகுநேரம் ஆயிற்று. அக்கா தூங்கியதும் பின்பக்கம் குழாயடிக்குப் போய் உட்கார்ந்தார்.

டீ எடுத்துக்கொண்டு போனேன். ஃபில்டர் ஸ்பாஞ்சைச் சோப்புத் தண்ணீரில் போட்டுப் பிழிந்துகொண்டிருந்தார். தண்ணீர் தெளிவாகத்தான் வந்துகொண்டிருந்தது. ஆனாலும் விடவில்லை.

"இதக் கழட்டிடலாம்" என்றார், என்னைப் பார்க்காமல். "கழுவிடலாம். காய வச்சு எண்ணெய் போட்டு மாட்டிடலாம். அவளோடத ஒண்ணும் பண்ண முடியலையேம்மா."

டீயை வைத்துவிட்டு வந்து என் மிஷின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். அதற்குப் பிறகு அவர் கேட்காமலேயே குல்லா தைத்து அனுப்ப ஆரம்பித்தேன்.

இவ்வளவு கறாரான மனிதர் வாயைத் திறக்க முடியாத தூசி ஒன்று அந்த வீட்டிலேயே இருந்தது. அது அக்காவின் திருநீற்று டப்பா. மருந்து மிஷினெல்லாம் கணவருடைய திருப்திக்கு. அது முடிந்ததும் அக்கா அண்ணாமலையாரை நினைத்து நெற்றியில் பூசிக்கொண்டு, ஒரு சிட்டிகை எடுத்து வாயிலும் போட்டுக்கொள்வார். அதைப் போட்டால்தான் இழுப்பு நிற்கிறது என்பது அக்காவின் கட்சி. குடிவந்த புதிதில் இவர் ஒருதரம் சும்மா இருக்காமல், "அதுவும் பொடிதான? புரை ஏறிச்சுன்னா?" என்று கேட்டுவிட்டார்.

"உலகத்துல இருக்குற எல்லாத்தையும் தூசின்னு சொல்லுங்க" என்றாராம் அக்கா. "இத மட்டும் சொல்லாதீங்க."

அதற்குமேல் அக்கா அவரிடம் முகம் கொடுத்துப் பேசவே பல நாள் பிடித்ததாம். இந்தக் கதையை இருவருமே தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். அவர் சொல்லும்போது காதைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் காருக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. ஓடிக்கொண்டே இருக்கும்போது திக்கும், நின்றுவிடும். சாப்பாடு இறங்கவில்லை மனிதருக்கு. "அதுக்கு மூச்சு வாங்குது, மூச்சு வாங்குது" என்று வீடு முழுக்கப் புலம்பினார். கடைசியில் பார்த்தால் ஃபில்டரின் ரப்பர் கழுத்தில் ஒரு மயிரிழை வெடிப்பு. நல்லவேளை, பெரிதாக ஒன்றும் உள்ளே போகவில்லை. வேறு கழுத்து வரவழைத்து, எஞ்சினைத் திறந்து துடைத்து, மறுபடி பூட்டினார். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். அதே பிடிப்பு.

பூஜைக்கு முந்தின நாளெல்லாம் நல்ல மழை. காலையில் விட்டிருந்தது. தெரு கழுவிவிட்டதுபோல் கிடந்தது. மலை பளிச்சென்று தெரிந்தது. அதைவிட ஆச்சரியம், அந்த மழைக்கு அக்காவுக்கு இழுப்பு வரவில்லை. என் மிஷின்களுக்குப் பொட்டு வைத்துவிட்டு, பண்டிகைக்கென்று ஊதாப் பட்டில் ஜரிகை வைத்துத் தைத்த குல்லாவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

கூடத்தில் வரிசையாக வைத்திருந்தார்கள். மிக்சி, இஸ்திரிப் பெட்டி, ஸ்கூட்டர் சாவி, அக்காவின் மருந்து மிஷின், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். நடுவில் மேல்கூடு கழற்றின கார். அவர் காலையில்தான் எஞ்சின் வாய்க்குள் எண்ணெய் விட்டு, துணி அடைத்து, புது ஃபில்டரைப் பக்கத்தில் தயாராக வைத்துவிட்டு, பொரியும் எலுமிச்சம்பழமும் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அக்கா காரின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கையில் திருநீற்று டப்பா. இன்னொரு கையில், எஞ்சின் வாயில் அடைத்திருந்த துணி.

"வாடி. இப்பத்தான் இதுக்குப் போட்டேன். நெத்தியில பட்டை, வாயில ஒரு சிட்டிகை. மூச்சு வாங்குதுன்னு எப்டிப் புலம்புனாரு பாத்தியா? எனக்குப் போட்டா எனக்கு நிக்குது. அதுக்கும் நிக்கட்டும்."

எட்டிப் பார்த்தேன். எண்ணெய் மினுமினுத்த அந்தச் சின்ன வாயின் ஓரமெல்லாம் வெள்ளை. உள்ளேயும் வெள்ளை இறங்கியிருந்தது. இத்தனை வருஷம் அவர் ஒரு குறுமணலை உள்ளே விட்டதில்லை. அந்தச் சமயம் பார்த்து மாடிப்படியில் கால் தட்டும் சத்தம் கேட்டது.

உள்ளே வந்தவர் பொரிப் பையைக் கீழே வைத்தார். காரைப் பார்த்தார். வழக்கம்போல் குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் பார்த்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"சார், அது வந்து..." என்று ஆரம்பித்தேன். நிமிராமலேயே கையை மட்டும் லேசாக உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"வாயிலயும் போட்டியா?" என்றார் அக்காவிடம்.

"போட்டேன். ஏன், போடக்கூடாதா?"

"யார் சொன்னது? போடலாம். நல்லது."

அக்கா குழந்தை மாதிரி சிரித்தார். பிறகு சொன்னார்: "ஏங்க, தரை ஈரமா இருக்குது. லாரி இல்ல. மூச்சு நல்லா இருக்குது. எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி எறக்கணும் இல்ல? இன்னைக்கு ஓட்டிக் காமிங்களேன்."

அவர் பால்கனிக்குப் போனார். விரலை நாக்கில் தொட்டு, தூக்கிப் பிடித்துக் காற்றுப் பார்த்தார். காற்றுப் பார்க்க அவ்வளவு நேரம் ஆகாது. எஞ்சினைத் திறந்து துடைத்தால் பிழைத்துவிடும். எனக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா? ஆனால் திறந்தால் ஏன் திறக்கிறீர்கள் என்று அக்கா கேட்பார். அவர் துடைத்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும், தெரு காய்ந்துவிடும், அக்கா மறுபடி மாடியோடு நின்றுவிடுவார். அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒழிகிறது என்று ஓட்டிவிடுங்கள் என்று ஒரு மனசு, வேண்டாம் என்று ஒரு மனசு.

திரும்பி வந்தார். "காத்து அந்தப் பக்கந்தான் போவுது. மாஸ்க்கப் போட்டுக்கிட்டு எறங்கி வா."

அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பிரஷ்ஷை எடுத்து எஞ்சினைச் சுற்றித் துடைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். புது ஃபில்டரை அந்தத் திருநீற்று வாயின்மேல் மாட்டினார். கழுத்தில் கட்டுப் போட்டு இறுக்கி, இழுத்துப் பார்த்தார். என் ஊதாக் குல்லாவை மாட்டி, சுருக்கம் எடுத்துவிட்டார். ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை.

அக்கா கேட் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்தார். எத்தனையோ நாளைக்கு அப்புறம் தெருவைக் கீழேயிருந்து பார்க்கிற சந்தோஷத்தில் போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுப் பேசினார். எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. சக்கரத்துக்கு முன்னால் இருப்பதிலேயே சின்ன எலுமிச்சம்பழங்களாகப் பார்த்து வைத்தும், கார் அவற்றை நசுக்க மாட்டேன் என்று எம்பிக் குதித்துத் தாண்டிப் போயிற்று. அக்கா கைதட்டினார். ஈரத் தெருவில் தண்ணீரை இருபுறமும் பீய்ச்சிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போய், திரும்பி, சீறிக்கொண்டு வந்து அவர் காலடியில் நின்றது.

"ஏங்க, இது இவ்ளோ வேகமாவா போவும்? நீங்க சொல்லவே இல்லையே!"

"எத்தன தடவ சொல்லியிருக்கேன். நீ நம்பல."

பிறகு ரிமோட்டின் பாலிதீன் உறையைக் கிழித்தெறிந்துவிட்டு, ரிமோட்டை அக்கா கையில் கொடுத்தார். அக்கா காரை ஒரு மின்கம்பத்தில் முட்டவிட்டார், ஒரு குட்டையில் இறக்கினார், ஒரு நாயைத் துரத்தினார். தண்ணீர் குடிக்கக்கூட நிறுத்தாமல் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சத்தம் மாறியது. எனக்கே கேட்டது என்றால் அவருக்கு அதற்கு வெகு முன்பே கேட்டிருக்கும். அவர் காரைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எரிபொருள் தீர்ந்து அதுவாக நிற்கும் வரைக்கும் விட்டுவிட்டார்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டுச் சக்கரத்தைச் சுற்றச் சொன்னார். காற்றாடி மாதிரி சுற்றியது. எங்கேயும் நிற்கவில்லை.

"வேற பிஸ்டன் போட முடியாதா சார்?"

"இந்த மாடலுக்கு இப்ப வர்றதில்லம்மா."

"அக்காகிட்ட சொன்னீங்களா?"

"எத?" என்றார்.

ஏரி நண்பர்களிடம், மண் உள்ளே போய்விட்டது, நான்தான் கவனிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். பல் டாக்டர் என் கடைப் பக்கம் வந்தபோது அதைச் சொல்லிச் சிரித்தார். தூசி சார் வண்டியிலேயே மண்ணா என்று ஏரியே சிரித்ததாம். இவரும் கூடச் சேர்ந்து சிரித்தாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. அவர் உயர்த்தின கை ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டேன்.

அக்காவுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. ஏன் ஏரிக்குப் போகவில்லை என்றுகூடக் கேட்கவில்லை. "நான்தான் பாத்துட்டனே, போதும். அந்த மண்ணுல போயி நின்னு அவரும் மூச்சக் கெடுத்துக்க வேணாம்" என்று என்னிடம் சொன்னார். இத்தனை நாளும் அக்கா அவருக்காகப் பயந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

இப்போது அவர்கள் ஓசூரில் மகள் வீட்டோடு இருக்கிறார்கள். மாடியில் வேறு குடும்பம். அந்த வீட்டம்மா காலையில் துடைப்பத்தால் தூசியை என் வாசலுக்குத் தள்ளும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

ஊரைவிட்டுப் போவதற்கு முன்பு, கார் அவர்கள் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்த நாட்களில், வெள்ளிக்கிழமை தோறும் அக்கா அதற்கும் நெற்றியில் பட்டை, வாயில் சிட்டிகை போடுவார். வாயில் அடைத்த துணியைத் தூசி சாரே எடுத்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். அப்படியொரு வெள்ளிக்கிழமை, பூஜை முடிந்து, என் வாசலுக்கு வந்தார். வலது காலைத் தட்டி, இடது காலைத் தட்டி, படியேறினார்.

"இதுக்கு ஒரு குல்லா தைக்கணும், டைலரம்மா. பழசு நைஞ்சிடுச்சு."

"ஓடாத வண்டிக்கு எதுக்குங்க சார் குல்லா? இனிமே தூசி உள்ள போனா என்ன, போவாட்டி என்ன?"

"உள்ள போறதத் தடுக்க இல்லம்மா" என்றார். "உள்ள திருநீறு இருக்குது. தூக்கி வைக்கும்போது வெளிய சிந்திடக்கூடாது இல்ல?"

வலைத்துணி வேண்டாம் என்று, பட்டில் இரட்டையாக மடித்து, தையலை நெருக்கமாகப் போட்டுக் கொடுத்தேன். அவர் வெளிச்சத்துக்குப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தையல் தையலாகப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார்.